வலது மைக்கில் சொன்னது

என் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனதை என் புருசனுக்குச் சொல்லக்கூடாது என்று வீட்டார் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். கெட்ட எண்ணத்தில் எடுத்த முடிவல்ல. அவர் சவுதியில் கட்டட வேலையில் இருந்தார். அவருடைய உம்மா, என் மாமி, என் தலையைத் தடவிக்கொண்டுதான் சொன்னா.

"அங்க தனியக் கிடக்கிற புள்ள. சாரத்துக்கு மேல நிண்டு வேல செய்றான். இத நினச்சிக்கிட்டு நிண்டா கால் வழுக்கும். லீவுல வந்த பிறகு சொல்லுவம் மகள்."

என்னைப் பெற்ற உம்மாவும் ஓம், அதுதான் சரி என்றா. என் வாப்பா எழும்பி வாசலுக்குப் போய்விட்டார். பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்தவர் அவர்தான்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கமாக எங்கள் வீடு. எனக்குச் சீதனமாக வாப்பா கட்டித் தந்தது. நானும் உம்மா வாப்பாவும் இரண்டு தங்கச்சிமாரும் அதில் இருந்தோம். அறைகளுக்கு நடுவில் சுவர் இருந்தது, ஆனால் கூரை வரைக்கும் போகாது. ஒரு அறையில் ஆள் தும்மி அல்ஹம்துலில்லாஹ் சொன்னால் மற்ற அறையிலிருந்து பதில் துஆ வரும். அப்படியான வீடு.

சொல்ல வேண்டும் என்று எனக்கு ஏன் அவ்வளவு அந்தரமாக இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வீட்டில் எல்லாரும் என்னோடு அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் பிள்ளையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தால், "அத விடு புள்ள, அல்லாஹ் வேற தருவான்" என்று கதையை மாற்றிவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு என்னைப்போலவே சொந்தமான இன்னொரு ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவருக்கு அது தெரியாது. அவர் அங்கே நாளை எண்ணிக்கொண்டு இருந்தார். பிள்ளை பிறக்கிற நேரத்துக்கு லீவு கேட்டிருந்தார்.

கடிதம் எழுதலாம்தானே என்று கேட்பீர்கள். எனக்கு எழுத்து வரும். உயர்தரம், ஏ.எல். வரை கணிதம் படித்தவள் நான். அவர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், நீளமாக எழுதினால் அறையில் இருக்கும் கூட்டாளியிடம் கொடுத்து வாசிப்பிப்பார். இந்தச் செய்தி இன்னொரு ஆம்பிளையின் வாயால் அவருக்குப் போய்ச் சேருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதனால் கசட்டுத்தான் எங்களுக்குக் கடிதம். போன லீவில் வந்தபோது அவர் ஒரு பெரிய டேப் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், மேலே தூக்கிப் போகக் கைப்பிடி, முன்னால் இரண்டு மூலையிலும் குண்டூசித் தலை அளவில் இரண்டு ஓட்டைகள். அந்த ஓட்டைகளுக்குப் பின்னால்தான் மைக். இடது மைக் கேட்டதை இடது ஸ்பீக்கரும் வலது மைக் கேட்டதை வலது ஸ்பீக்கரும் சொல்லும். நடுவில் பெலன்ஸ் என்று ஒரு தள்ளுகட்டை. அதை ஒரு பக்கம் தள்ளினால் மற்றப் பக்கம் மௌனமாகிவிடும். அவர் அங்கே தனக்கென்று வைத்திருந்தது இடுப்பில் கொழுவுகிற சின்னக் கசட் பெட்டி. அதைக் காதில் மாட்டித்தான் கேட்கலாம். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று.

கசட் பதிவது வெள்ளிக்கிழமையில். ஜும்மா முடிய மாமி பாலமுனையிலிருந்து பஸ்ஸில் வருவா, மாமாவும் என் புருசனின் சகோதரிமாரான மதினிமாரும் கூட வருவார்கள். பாய் விரித்து டேப்பை நடுவில் வைத்துச் சுற்றிவர இருந்து எல்லாரும் கதைப்போம். பதிந்து முடிந்ததும் மாமி முழுக் கசட்டையும் போட்டுக் கேட்பா. சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்ப மாட்டா. நான் தனியாக ஏதாவது பதிந்து வைத்தாலும் அது எல்லார் முன்னாலும் வாய் திறக்கும் என்பது நிச்சயம்.

பிள்ளை போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை எனக்கு அந்த யோசனை வந்தது. டேப்பின் பொத்தான்களை அமத்துவது எப்போதும் நான். வலது மூலையில்தான் இருப்பேன். மற்றவர்கள் இடது பக்கத்தில் இருந்து கதைக்கட்டும். நான் குனிந்து, முக்காட்டை வலது மைக்கின் மேல் விழவிட்டு, மூச்சளவு குரலில் சொன்னால்? மாமி போட்டுக் கேட்கும்போது பெலன்ஸை இடது பக்கம் தள்ளிவிடலாம். அங்கே அவருக்கு வலது காதில் நான் இருப்பேன். எல்லாரும் கதைக்கிற அதே நேரத்தில்தான் நானும் கதைக்க வேண்டும், வேறு வழியில்லை. பிறகு ஒரு பக்கத்தில் மட்டும் பதிய நினைத்தால் டேப் முதலில் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே அழித்துவிடும்.

அன்றைக்கே செய்தேன். மாமா வயல் விசயம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குனிந்து இரண்டு வசனம் சொன்னேன். முடிந்ததும் பெலன்ஸை இடது பக்கம் தள்ளிவிட்டு கசட்டைப் போட்டேன். மாமாவின் குரலுக்குக் கீழே என் குரலும் இருந்தது. சொல் விளங்கவில்லை, ஆனால் இருந்தது.

மாமி காதைக் கிட்டக் கொண்டுவந்தா. "இது என்ன மகள், புசுபுசுங்குது?"

"மோட்டர் இரைச்சல் மாமி" என்றேன்.

"அப்ப திரும்பப் பதிவம். என்ட மகனுக்கு இரைச்சல் போட்டு அனுப்பப்படாது. நீ பிறகு இத ஒருக்காப் பாரு. படிச்ச புள்ளதானே."

திரும்பப் பதிந்தோம். நான் சொன்ன இரண்டு வசனமும் அதோடு அழிந்தது. கடைசியில் அனுப்பிய கசட்டில் நானும் முன்னால் வந்து, "நான் நல்ல சுகம், நீங்க உடம்பப் பாத்துக்கங்க" என்றேன். தங்கச்சி பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் டேப்பைப் பார்க்கச் சொல்லி மாமியே எனக்கு அனுமதி தந்துவிட்டா. அடுத்து வந்த பகல்களில், உம்மா சமையலிலும் தங்கச்சிமார் பள்ளிக்கூடத்திலும் இருக்கும்போது நான் அதை வைத்துக்கொண்டு இருந்தேன். அலாரம் மணிக்கூட்டை இடது மைக்குக்கு முன்னால் வைத்துப் பதிந்து, பெலன்ஸை வலது பக்கம் தள்ளிக் கேட்டேன். டிக் டிக் என்று வலது பக்கத்திலும் தெளிவாகக் கேட்டது. காற்றில் வருகிறதாக்கும் என்று நினைத்து, வலது ஓட்டையை விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு திரும்பப் பதிந்தேன். அப்போதும் கேட்டது. அதுதான் எனக்கு ஆச்சரியம். வாசலை அடைத்த பிறகும் ஆள் உள்ளே வருகிறதென்றால் வேறொரு வழி இருக்க வேண்டும்.

தையல் மெசினின் சின்னத் திருப்புளியால் டேப்பின் முதுகைக் கழற்றினேன். பழுதாகிவிட்டால் மாமி முன்னால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு ஆணியையும் சிரட்டையில் எண்ணிப் போட்டேன். உள்ளே பெரிய வெற்றிடம். இரண்டு மைக்கும் சட்டைப் பொத்தானை விடச் சின்னன், முன் பிளாஸ்டிக்கில் சும்மா செருகிக் கிடந்தன. இடது ஓட்டைக்குள் போன சத்தம் மைக்கைச் சுற்றியிருந்த இடைவெளியால் உள்ளே நுழைந்து, அந்த வெற்றிடத்தைக் கடந்து, வலது மைக்கைப் பின்பக்கத்தால் பிடிக்கிறது. போதாததற்குப் பிளாஸ்டிக்கும் அதிர்ந்து அதிர்ந்து கடத்துகிறது. விரலால் பெட்டியைத் தட்டிப் பார்த்தபோது அதுவும் விளங்கியது.

தேய்ந்து போன ரப்பர் செருப்பொன்று கிணற்றடியில் கிடந்தது. அதன் மெத்தென்ற அடியை வெட்டிக் குடைந்து, ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சின்னக் கிண்ணம் செய்தேன். மைக் அந்தக் கிண்ணத்துக்குள் இறுக்கமாக இருந்தது, பிளாஸ்டிக்கில் எங்கேயும் முட்டவில்லை. பின்பக்கத்தையும் விளிம்பையும் நீக்கல் இல்லாமல் சைக்கிள் டியூப் துண்டால் மூடினேன். மோட்டரிலும் அது சுற்றுகிற ரப்பர் பட்டியிலும் படாமல் இரண்டு மைக்குக்கும் நடுவில் தலையணைப் பஞ்சைத் திணித்தேன். திரும்பவும் மணிக்கூடு, திரும்பவும் விரல். இந்த முறை வலது பக்கத்தில் டிக் டிக் கேட்க மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது.

விரலை எடுத்தால் காற்றில் வருவது வரத்தான் செய்தது. அதற்கு மருந்து தூரம்தான். கூட்டம் தள்ளி இருக்க வேண்டும், என் வாய் மைக்கோடு ஒட்ட இருக்க வேண்டும். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். இந்த டேப் கிட்டவுள்ள சத்தம் நின்றவுடன் தானாகவே காதைக் கூர்மையாக்கிக்கொள்ளும். நான் ஒரு வசனம் சொல்லிவிட்டு நிறுத்தினால் அந்த இடைவெளியில் தூரத்துச் சத்தத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் நிற்காமல் சொல்ல வேண்டும். அழவும் கூடாது. வானொலியை இடது பக்கத்தில் பாடவிட்டு, வலது பக்கத்தில் நான் வாய்ப்பாடு சொல்லிச் சொல்லிப் பழகினேன். பிள்ளை போனதைச் சொல்வதற்கு எட்டாம் வாய்ப்பாட்டில் பயிற்சி எடுத்தவள் நானாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையில் அவருடைய கசட் வந்தது. எல்லாரும் இருந்து கேட்டோம். உம்மாவையும் மாமியையும் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "வயித்துப் புள்ளைக்கு உடுப்பு வாங்கிட்டன். சின்னச் சப்பாத்து ஒண்டும் வாங்கினன். கூட்டாளிமார் சிரிக்கிறாங்க, பிறக்க முன்னமே சப்பாத்தாம்."

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பொத்தானை அமத்திக் கசட்டை நிறுத்தினேன். அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் டேப்பைத் தலையணை மேல் வைத்தேன். "தரையில இருந்தா இரைச்சல் ஏறும் மாமி" என்றேன். எல்லாரையும் இடது பக்கமாகத் தள்ளி இருத்தினேன். மாமா கதைக்கத் தொடங்கினார், பிறகு மாமி, பிறகு மதினிமார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்து சொன்னேன். எந்த நாள் வயிறு நொந்தது, ஊரடங்கில் ஆசுபத்திரிக்கு எப்படிப் போனோம், பிள்ளையை எனக்கு ஒருதரம்தான் காட்டினார்கள், வாப்பா எங்கே அடக்கினார், இவர்கள் ஏன் மறைக்கிறார்கள், யாரிலும் கோபிக்க வேண்டாம். எல்லாவற்றையும் வாய்ப்பாடு மாதிரி நிற்காமல் சொன்னேன். நடுவில் மூத்த மதினி என்னைக் காட்டி, "மச்சி ஸலவாத்து ஓதுறா" என்று மெல்லமாகச் சொன்னது காதில் விழுந்தது. மாமி அதைக் கேட்டு, "ஓது மகள், ஓது" என்றா.

கடைசியில் எல்லாருக்கும் கேட்க நான் சத்தமாகச் சொன்னேன்: "டேப் கொஞ்சம் பழுது. இடது பக்கம் இரைச்சல் வந்தாலும் வரும். நீங்க ஒருக்கா வலது காதால மட்டும் கேட்டுப் பாருங்க."

மாமி போட்டுக் கேட்டா. பெலன்ஸ் இடது பக்கம் இருந்தது. அவவுடைய குரலுக்குப் பின்னால் கடல்தான் கேட்டது. "இப்ப நல்லாருக்கு" என்றா.

அவர்கள் போன பிறகு, உம்மா கோழிக்குத் தீன் போடப் போன நேரத்தில், சத்தத்தைக் குறைத்து வலது ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். அவர்கள் வேறு யாருடைய வீட்டிலோ கதைப்பது மாதிரி தூரத்தில் கேட்டார்கள். கிட்டத்தில் ஒரு பெண் இருந்து பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கதையை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. கசட்டை நிறுத்தி எடுத்து உறையில் போட்டேன்.

லீவு முடிந்து சவுதிக்குத் திரும்பிய பாலமுனை ஆள் ஒருவர் கசட்டைக் கொண்டுபோனார். அவர் கொழும்பு போய்ச் சேரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது யுத்தக் காலம், வழி நெடுக ஆமிச் சோதனை. ஏதாவது ஒரு இடத்தில் கசட்டைப் போட்டுக் கேட்டால், பெலன்ஸ் நடுவில்தானே இருக்கும், என் குரலும் வெளியில் வரும்.

பதில் வர நாள் எடுத்தது. வந்ததும் எல்லாரும் கூடினோம். அவருடைய குரல் இரும்பு மாதிரி இருந்தது. மாமாவின் வயலை விசாரித்தார், மதினியின் கலியாணப் பேச்சை விசாரித்தார், லீவு கிடைத்துவிட்டது என்றார். "எல்லாரும் உடம்பப் பாத்துக்கங்க" என்று முடித்துவிட்டார். பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மாமிக்குக் கோபம். "என்ன மனிசன் இவன்? வயித்துப் புள்ளையப் பத்திக் கேக்கவே இல்லையே. அங்க போய்க் கல்லாயிட்டான்."

நான் அந்தக் கசட்டைப் பிறகு எத்தனையோ தரம் வலது பக்கமும் இடது பக்கமும் தள்ளிப் போட்டுக் கேட்டேன். இரண்டிலும் ஒரே குரல்தான். கூட்டாளியின் பழைய டேப்பில் ஒற்றை மைக்கில் பதிந்தது, வேறென்ன இருக்கும்? கேட்டுவிட்டுத்தான் கேட்காமல் இருக்கிறாரா, மறந்துவிட்டாரா, அல்லது மறைவாகச் சொன்னேன் என்று என்னில் கோபமா? கேட்க ஆள் இல்லை. சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். சொன்ன பிறகுதான் வீடு இன்னும் பெரிதாகிவிட்டது போலவும் நான் அதில் தனியாகிவிட்டது போலவும் இருந்தது. அவர் வரும்வரை அப்படித்தான் போனது.

அவர் வந்த அன்று மாமி காலையிலேயே வந்து என்னை உள் அறையில் இருக்கச் சொன்னா. "நான் முதல்ல சொல்றன். உன்ன இப்படிச் சும்மா வயித்தோட கண்டா அவன் தாங்கமாட்டான்." சீலைத் திரைக்குப் பின்னால் நான் கட்டில் விளிம்பில் இருந்தேன். வேன் வந்து நின்றது கேட்டது. ஸலாம் சொன்னது, கதிரை இழுபட்டது. பிறகு மாமியின் அழுகை.

"மகன், புள்ள நமக்கு இல்லாமப் போயிட்டு மகன்."

அவர் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போடுவது கேட்டது. பிறகு, "அல்லாஹ்ட நாட்டம் உம்மா. அழாதீங்க" என்றார். அந்தக் குரலை வைத்து என்னால் எதையும் பிரிக்க முடியவில்லை. முதல்தரம் கேட்கிறவன் குரலா, தெரிந்தவன் குரலா? பிறகு பெட்டியைத் திறந்தார்கள். சவர்க்காரம், அத்தர், சாரன், பால்மா என்று பேர் சொல்லிச் சொல்லி எடுத்து வைக்கிற சத்தம். மாமி தயங்கித் தயங்கிக் கேட்டா: "புள்ளைக்கு வாங்கின உடுப்பெல்லாம்...?"

"பெட்டியில எடம் இல்ல உம்மா. அங்கயே ஒரு ஆளுக்குக் குடுத்துட்டன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் சீலைத் திரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெளியில் இருந்தவர்கள் அது மாமி சொன்னதற்கான அழுகை என்று நினைத்திருப்பார்கள்.

எல்லாரும் போன பிறகு பின்வளவில் கிணற்றடியில் வைத்துத்தான் அவர் என்னோடு கதைத்தார். கால் கழுவப் போகிற மாதிரி வந்தார். குரல் தானாகவே தாழ்ந்திருந்தது.

"மத்தியான ஓய்வுல கேட்டன். இடது காதுல உம்மா. வலது காதுல ஆரோ மூச்சு விடுறாப்போல. பழுது எண்டுதான் நினச்சன். நீ சொன்னியே எண்டு இடது பக்கத்தக் கழட்டினன்." வாளியைக் கிணற்றில் இறக்கினார். "பட்டரி இறங்கி உன்ட குரல் இழுபடுற வரைக்கும் கேட்டன்."

"எல்லாம் விளங்கினதா?"

"அரவாசிக்கு மேல விளங்கினது. சில எடத்துல உம்மாட குரல் உன்ட குரலுக்கு மேல ஏறிட்டு. ஒண்டு மட்டும் எனக்குத் தெரியா." அவர் என்னைப் பார்க்காமல்தான் கேட்டார். "ஆம்புளப் புள்ளையா, பொம்புளப் புள்ளையா? நீ சொன்ன எடத்துல உம்மா என்னமோ கதைக்குச் சிரிச்சிட்டா. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தன். சிரிப்புத்தான் கேக்குது."

அந்த இடத்தில் நான் மூச்சு எடுக்க நிறுத்தியிருப்பேன்.

"ஆம்புளப் புள்ள" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு குந்தி இருந்து முகத்தைக் கழுவத் தொடங்கினார். நெடுநேரம் கழுவினார்.

அஸர் தொழுதுவிட்டு வாப்பா அவரை மையவாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் அங்கே போவதில்லை. நான் வாசலில் நின்று இரண்டு பேரும் ஒழுங்கையில் திரும்பும் வரைக்கும் பார்த்தேன். திரும்பி வரும்போது அவருடைய காலில் மணல் ஒட்டியிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த லீவு முழுவதும் அப்படித்தான் இருந்தது. அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும், எங்கள் குரலுக்கு மேல் ஏற வேறு குரல் இல்லை. ஆனாலும் நேருக்கு நேர் இருக்கும்போது எனக்கு வசனம் வரவில்லை. அவருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒரு நாள் மட்டும், அந்தச் சின்னச் சப்பாத்தை மன்னார்ப் பக்கத்துக் கூட்டாளி ஒருவன் தன் மகனுக்குக் கொண்டுபோனான் என்று சொன்னார். அவன் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல முடியவில்லையாம்.

திரும்பிப் போகிற அன்று வேன் வரக் காத்திருந்தபோது சொன்னார்: "இனி அப்படிப் புசுபுசுக்க வேணாம் புள்ள. சொல்ல இருக்கிறத எல்லாருக்கும் கேக்கச் சொல்லு. ஆரு என்ன சொல்லப் போறாங்க?"

நான் ஓம் என்றேன். அப்படித்தான் நினைத்துமிருந்தேன்.

அவர் போன பிறகு வந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். மாமி என்னை முன்னால் வந்து இருக்கச் சொன்னா. நான் பாயின் நடுவில் வந்து இருந்து, "நாங்க எல்லாரும் நல்ல சுகம்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மதினி கதையை எடுத்துக்கொண்டாள். நான் மெல்ல நகர்ந்து வலது மூலைக்குப் போய் முக்காட்டை இழுத்துவிட்டேன். மறைக்க ஒன்றும் இல்லை அன்றைக்கு. கூரையில் ஒரு தகடு பறந்ததையும், தங்கச்சி வளர்த்த கிளி ஓடிப்போனதையும், அவர் உடுத்துக் கழற்றிப்போட்டுப் போன சாரனை நான் கழுவாமல் வைத்திருப்பதையும் சொன்னேன்.